ஆவணமும் அவையும்: இராமநாதபுரக் கடற்கரை பற்றிய ஆவணப்படங்களும் கல்லூரித் திரையிடலும்

1. முன்னுரை

சமூகச் சிக்கல்களைப் பொருளாகக் கொண்ட ஆவணப்படங்களைக் கல்லூரி வளாகங்களில் கட்டணமின்றித் திரையிட்டு, படம் முடிந்தபின் அவையோர் கூடி உரையாடும் வழக்கம் தமிழகத்தில் கால் நூற்றாண்டுக்கு மேலாக இருந்து வருகின்றது. இவ்வழக்கத்தை இதழியலார் நோக்கியுள்ளனர், சமூகவியலாரும் நோக்கியுள்ளனர். தமிழ்த்துறையார் இதனைத் தமக்குரிய ஆய்வுப்பொருளாகக் கருதியது குறைவு. படம் என்பது காட்சி, நமக்குரியது சொல் என்னும் எண்ணமே இதற்குக் காரணமாகலாம். அவ்வெண்ணம் பொருந்தாது என்பது எம் கருத்து. ஆவணப்படத்தின் உயிர், அதில் வாய்திறந்து பேசுவோரின் சொல்லிலேயே இருக்கின்றது. அச்சொல் தமிழாயின் அதனை ஆராயும் கடமை தமிழ் பயில்வோர்க்கு உண்டு.

இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரையைப் பற்றியனவும் அதனோடு தொடர்புடையனவுமான சில படங்களை எடுத்துக்கொண்டு, அவை மெய்ம்மையை எவ்வாறு நாட்டுகின்றன, அவற்றைக் காணும் கல்லூரி அவை என்ன செய்கின்றது, என்ன செய்யத் தவறுகின்றது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

2. ஆவணம் என்னும் சொல்

ஆவணம் என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் இரு பொருள் உண்டு. கடைத்தெரு என்பது ஒன்று. உரிமை காட்டும் ஓலை என்பது மற்றொன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் ஆவணக்களரி என்னும் தொடர் இரண்டாம் பொருளுக்குச் சான்றாகும். ஓலையைப் பலர் அறியப் பதிவு செய்யும் இடம் அது. இவ்விரு பொருளையும் ஒருங்கு நினைத்தல் இக்கட்டுரைக்குப் பெரிதும் பயன்படும். ஆவணப்படம் ஒரு சான்று. அச்சான்று பூட்டிய பேழைக்குள் இருந்தால் பயனில்லை. பலர் நடமாடும் தெருவுக்கு வந்தாதல் வேண்டும். கட்டணமில்லாத் திரையிடல் செய்வது அதுவே.

பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட வரலாறு தமிழர் யாவரும் அறிந்தது. முதியவர் ஒருவர் ஓலை ஒன்றைக் காட்டிச் சுந்தரரைத் தம் அடிமை என்கின்றார். சுந்தரர் அதனைப் பறித்துக் கிழிக்கின்றார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கின்றது. கிழிபட்டது படியோலை, மூலவோலை வேறு உண்டு என்று முதியவர் அதனை அவையில் வைக்கின்றார். அவையோர் கையெழுத்தை ஒப்பிட்டு நோக்கி முடிவு கூறுகின்றனர். இவ்வரலாற்றில் அவையோர் மூவகைச் சான்றுகளைச் சுட்டுகின்றனர். நெடுநாள் துய்த்துவரும் ஆட்சி ஒன்று. எழுத்தாகிய ஆவணம் ஒன்று. உடனிருந்து கண்ட அயலார் கூற்று ஒன்று. பக்தி நோக்கை ஒருபுறம் வைத்து நீதி நோக்கில் மட்டும் காணினும், சான்றை ஆராயும் முறைக்கு இப்பகுதி சிறந்ததோர் இலக்கணமாகும்.

இம்முறையையே அளவுகோலாகக் கொண்டு படங்களை நோக்குவோம். ஒரு படம் மக்களின் ஆட்சியைக் காட்டுகின்றதா? எழுத்துச் சான்றோடு அதனை எதிர்வைத்து நோக்குகின்றதா? கண்டார் கூற்றை அவர் சொல்லிலேயே தருகின்றதா? இம்மூன்றும் நம் வினாக்கள்.

3. முன்னோடியும் அரசுப் படங்களும்

தமிழில் ஆவணப்பட வரலாறு இராமநாதபுரம் மாவட்டத்தோடு பிறப்பிலேயே தொடர்புடையது. காந்தியடிகளைப் பற்றி முதல் முழு ஆவணப்படத்தை ஆக்கிய ஏ. கே. செட்டியார் 1911-இல் கோட்டையூரில் பிறந்தவர். அவ்வூர் அன்று இராமநாதபுரம் மாவட்டத்தைச் சார்ந்தது; 1985-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபின் சிவகங்கை மாவட்டத்தில் அமைந்தது. 1937 அக்டோபர் 2-ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் செல்லும்போது அவருக்கு அவ்வெண்ணம் தோன்றியது. பல நாடுகளில் பலர் பல காலத்தில் பிடித்து வைத்திருந்த படச்சுருள்களை அலைந்து திரட்டி, 1940 ஆகஸ்டில் படத்தை வெளியிட்டார். பின்னர்க் ‘குமரி மலர்’ என்னும் இதழை நடத்தி, பழைய எழுத்துகளைத் தேடித் தேடிப் பதிப்பித்தவரும் அவரே. ஓலை தேடியவர்க்கும் படச்சுருள் தேடியவர்க்கும் இடையே வேற்றுமை மிகுதியில்லை என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

விடுதலைக்குப்பின் 1948-இல் நடுவணரசின் திரைப்படப் பிரிவு தோன்றியது. அதன் செய்திப்படங்களையும் விவரணப் படங்களையும் திரையரங்குகள் கட்டாயமாகக் காட்டல் வேண்டும் என்னும் விதி பல்லாண்டு இருந்தது. அணைகள், ஆலைகள், வேளாண்மை முதலியவற்றை நாட்டு மக்கள் அப்படங்களால் அறிந்தனர். அப்பிரிவு 2022-இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டது. அது பாதுகாத்து வைத்த படங்களின் வரலாற்று மதிப்பு பெரிது. ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவற்றின் அமைப்பு ஒன்றே. திரையில் தோன்றும் உழவரும் மீனவரும் பேசார். அவர்க்காகக் கண்ணுக்குத் தெரியாத ஒருவர் செந்தமிழில் பேசுவார். மேற்கூறிய மூவகைச் சான்றுகளுள் எழுத்தாகிய ஆவணம் மட்டும் அங்கு இருந்தது. ஆட்சியும் கண்டார் கூற்றும் இல்லை.

4. கட்டணமில்லாத் திரையிடல்

தனிப்பட்ட கலைஞர்கள் கையடக்கக் கருவிகளால் படம் பிடிக்கத் தொடங்கியபின் நிலைமை மாறியது. மதுரையில் ஆர். பி. அமுதன் முதலியோர் நடத்தும் ‘மறுபக்கம்’ அமைப்பு, 1998 முதல் ஆவணப்படங்களுக்கும் குறும்படங்களுக்கும் பன்னாட்டு விழா எடுத்து வருகின்றது. கல்லூரிகளே அவ்விழாவின் முதன்மையான அரங்குகள். நுழைவுக்குக் கட்டணமில்லை. அமுதன் 2003-இல் எடுத்த ‘பீ’ என்னும் படம், மதுரைத் தெரு ஒன்றில் மலம் அள்ளும் பெண் ஒருவரின் பணியைப் பின்தொடர்கின்றது. தலைப்பைச் சொல்லக் கூசும் நாக்கு, அத்தொழிலை ஒருவர்மேல் சுமத்தக் கூசவில்லை என்பதை அப்பெயரே உணர்த்திவிடுகின்றது. இடக்கரடக்கல் என்று நாம் இலக்கணத்தில் பயில்வது, சில இடங்களில் கொடுமையை மறைக்கும் திரையாகவும் ஆதல் உண்டு. இதனை மாணவர்க்கு விளக்குதற்கு அத்தலைப்பினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

அதே பொருளைப் பரந்த களத்தில் எடுத்துக்கொண்டது 2017-இல் வெளிவந்த திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’. கையால் மலம் அள்ளுதலைத் தடைசெய்யும் சட்டம் 2013-இல் இயற்றப்பட்டது. கழிவுக் குழிகளில் இறந்தோர் குடும்பத்திற்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்கவேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இவை எழுத்தாகிய ஆவணம். எழுத்து இவ்வாறிருக்க நடைமுறை எவ்வாறிருக்கின்றது என்பதை அத்தொழிலாளரின் வாய்மொழியாலேயே அப்படம் காட்டியது. அதனைத் திரையிடப் பல இடங்களில் இசைவு மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்ட படம் சில திங்களில் இணையத்தில் ஏறி, எந்த அரங்கும் கொள்ளாத அளவு மக்களைச் சென்றடைந்தது. படியோலையைக் கிழித்தலால் மூலவோலை அழியாது என்பது புராணம் கூறும் பாடம். அதனைத் தடைசெய்தோர் மறந்தனர்.

கட்டணமின்மையைப் பற்றி ஒன்று கூறல் வேண்டும். கட்டணமின்மை வேறு, செலவின்மை வேறு. படம் எடுத்தவர் கடன்பட்டிருப்பார். கருவி கொணர்ந்தவர் கூலி பெறாதிருப்பார். காண்போர் கொடாத விலையை வேறு யாரோ கொடுத்துள்ளனர். தண்ணீர்ப் பந்தலில் நீர் அருந்துவோர் கிணறு வெட்டியவரை நினைத்தல் போல, அவையோர் இதனை நினைத்தல் தகும். நினைத்தற்குரிய முறை கைதட்டல் அன்று. கூர்ந்து நோக்கிக் குறைநிறை கூறலே ஆகும். இலவசமாகக் கிடைத்தது என்பதற்காகத் திறனாய்வைத் தளர்த்துவது, படத்தை எடுத்தவர்க்குச் செய்யும் நன்றியாகாது.

5. கடற்கரையைக் காட்டும் படங்கள்

இராமேசுவரத் தீவின் இருமருங்கும் இரு கடல்கள். வடக்கே பாக்கு நீரிணை; தெற்கே மன்னார் வளைகுடா. தனுசுக்கோடி மக்கள் ஒன்றைப் பெண்கடல் என்றும் மற்றொன்றை ஆண்கடல் என்றும் வழங்குவர். இவ்விரு கடல்களுக்கும் இருவேறு சிக்கல்கள் உள்ளன. தென்கடலில் பாசி எடுக்கும் பெண்களின் உரிமை ஒரு சிக்கல். வடகடலில் எல்லையும் இழுவலையும் மற்றொரு சிக்கல்.

தென்கடல் பற்றியது ‘ஷிப்டிங் அண்டர்கரண்ட்ஸ்’ என்னும் ஆங்கிலப் பெயருடைய படம். அடிநீரோட்டம் மாறுதல் என்பது அப்பெயரின் பொருள். ரீட்டா பானர்ஜி குழுவினர், மீன்தொழிலாளர் நலம் நாடும் பன்னாட்டு அமைப்பு ஒன்றின் துணையோடு அதனை எடுத்தனர். மன்னார் வளைகுடாவில் இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989-இல் வளைகுடாப் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. அத்தீவுகளைச் சூழ்ந்த ஆழமற்ற நீரில் மூழ்கிப் பாசி எடுப்பது அக்கரைப் பெண்களின் தொழில். அவர்கள் மரிக்கொழுந்து என்றும் கட்டக்கோரை என்றும் கஞ்சிப்பாசி என்றும் இனம் பிரித்து வழங்குவர். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி அணிந்து, மூச்சடக்கி மூழ்குவர். பூங்கா அறிவிக்கப்பட்டபின், தாய்மார் மூழ்கிய இடத்தில் மூழ்குதல் மகளிர்க்குக் குற்றமாயிற்று.

இங்கு நாம் முன்கூறிய மூவகைச் சான்றும் ஒருங்கே தோன்றுகின்றன. அறிவிக்கை என்பது எழுத்து. பெண்களின் தொழில் என்பது ஆட்சி. அவ்வாட்சி வரைமுறையற்ற பறிப்பன்று என்பதே படத்தின் உயிர்நிலை. திங்களுக்குப் பன்னிரண்டு நாள் மட்டுமே பாசி எடுத்தல், ஆண்டில் மீன்பிடித் தடைக்காலத்தை ஒட்டித் தாமும் ஓய்ந்திருத்தல் எனத் தமக்குத் தாமே விதி வகுத்துக்கொண்ட கூட்டம் அது. பாம்பன் தீவுச் சின்னப்பாலத்தைச் சேர்ந்த அத்தொழிலாளர் தலைவியர் ஒருவர்க்கு 2015-இல் ‘சீகாலஜி’ என்னும் பன்னாட்டுச் சூழல் விருது வழங்கப்பெற்றது. கடலைக் காக்க எழுந்த எழுத்து, கடலைக் காத்துவந்த ஆட்சியைக் குற்றம் என்றது. இம்முரணைக் காட்டுவதால் அப்படம் இரக்கத்தை வேண்டவில்லை, தீர்ப்பை வேண்டுகின்றது. இஃது அதன் சிறப்பு. அதன் குறையைப் பின்னர்க் கூறுவோம்.

லீனா மணிமேகலையின் ‘தேவதைகள்’ 2008-ஆம் ஆண்டு மும்பைப் பன்னாட்டு ஆவணப்பட விழாவில் பொற்சங்கு விருது பெற்றது. ஒப்பாரி பாடும் பெண், உரிமை கோருவாரற்ற பிணங்களைப் புதைக்கும் பெண், கடலோடும் பெண் ஆகிய மூவரை அது காட்டுகின்றது. ஆடவர்க்கே உரியது என ஒதுக்கப்பட்ட தொழிலைச் செய்யும் பெண்ணை நெய்தல் நிலத்தில் காட்டியது பெரும் பேறு. எனினும் தலைப்பு பற்றி ஐயம் எழுகின்றது. பெண்ணைத் தெய்வமாக்குதல் தமிழ் மரபில் பழையது. கண்ணகி வழக்கில் நீதி கிடைத்ததும் தெய்வநிலை வாய்த்ததும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தெய்வமாக்கியபின் அவளோடு நாம் வழக்காட வேண்டுவதில்லை. கூலி பற்றியும் பேச வேண்டுவதில்லை. இழிவு என ஒதுக்கப்பட்டோரைக் கைகூப்பி வணங்கவைக்கும் எதிர்மொழி அது எனத் தலைப்புக்கு விடை கூறுதலும் கூடும். இவ்விரு கருத்தையும் அவையில் வைத்து மாணவரை ஆராயச் செய்தல் நன்று.

வடகடல் பற்றியது அவரே 2011-இல் எடுத்த ‘செங்கடல்’. அது தனுசுக்கோடி மீனவரையும் ஈழ ஏதிலியரையும் நடிக்கவைத்து எடுத்த கதைப்படம். ஆயினும் ஆவணப்பட ஆராய்ச்சியில் அதற்கு இடம் உண்டு. மீனவர் சுடப்படுவதைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வரும் ஒரு பெண்ணே அதில் ஒரு கதைமாந்தர். அப்பாத்திரத்தை இயக்குநரே ஏற்றுள்ளார். எழுத்தாளர் ஷோபாசக்தி கதையாக்கத்திலும் நடிப்பிலும் பங்குகொண்டார். சான்று தேடுவோர்க்கு நேரும் இடர்ப்பாடே கதைப்பொருளாதல் தமிழில் அரியது. 2011 சனவரியில் சென்னைத் தணிக்கை அலுவலகம் சான்றிதழ் மறுத்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அவ்வாண்டு சூலையில் வெட்டின்றி இசைவு வழங்கியது.

இழுவலைச் சிக்கலை நோக்குதற்கு ஆனந்த் பட்வர்த்தன் 1998-இல் எடுத்த மீன்தொழில் பற்றிய ஆவணப்படத்தை உடன்வைத்துக் காணல் வேண்டும். பெருங்கப்பல்களின் பேராசை, சிறு மீனவரின் கடலை எவ்வாறு வறிதாக்குகின்றது என்பதை இந்தியா, வங்காளதேசம் ஆகிய இரு நாட்டுக் கரைகளில் நின்று அது காட்டுகின்றது. பாக்கு நீரிணைக்கு இக்கண்கொண்டு வருவோர் ஓர் உண்மையை மறைத்தல் இயலாது. இராமேசுவரத்து விசைப்படகுகளின் இழுவலை, கடலடியைச் சுரண்டுகின்றது என்று வட இலங்கைத் தமிழ் மீனவர் முறையிடுகின்றனர். நம் கரை நாட்டுப்படகு மீனவரும் அவ்வாறே கூறுகின்றனர். இலங்கை 2017-இல் அம்முறையைச் சட்டத்தால் தடைசெய்தது. சுடப்பட்ட மீனவரின் குருதியும் உண்மை. அறுபட்ட வலையோடு நிற்கும் மறுகரை மீனவரின் கண்ணீரும் உண்மை. ஒன்றை மட்டும் காட்டும் திரையிடல் பாதி வழக்கை மட்டும் கேட்ட அவையாகும். ‘செங்கட’லைத் திரையிடும் கல்லூரி, இழுவலை பற்றிய உரையாடல் ஒன்றையும் உடன் வைத்தல் நேர்மை.

6. நெய்தல் மரபும் ஆவணப்படமும்

கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். அதன் உரிப்பொருள் இரங்கல். ஐங்குறுநூற்று நெய்தற் பகுதியைப் பாடிய அம்மூவனார் முதலாகப் பலர் பாடிய பாடல்களில் பரதவரின் வலையும் திமிலும் உப்பும் உணங்கு மீனும் வருகின்றன. எனினும் அவை கருப்பொருள். முன்நிற்பது தலைவியின் உள்ளம். அவள் கரையில் நின்று கடலை நோக்குகின்றாள். தொழில் செய்வோரின் கூற்று பெரும்பாலும் பின்னணியில் ஒலிக்கின்றது.

நல்ல ஆவணப்படம் இவ்வமைப்பைத் தலைகீழாக்குகின்றது. அங்குத் தொழிலே உரிப்பொருள். பெண் கரையில் நின்று இரங்குபவள் அல்லள், நீருக்குள் மூழ்குபவள். திணைக்கோட்பாட்டைப் பயின்ற மாணவர் இம்மாற்றத்தை உணர்வாராயின், பழம்பாடலையும் புதுப்படத்தையும் ஒருசேரத் தெளிவாக அறிவர். உணராத இடத்து, ஆவணப்படமும் இரங்கலாகவே முடியும். படம் எடுப்போர் பலர் கடற்கரை என்றதும் துயர இசையையும் மாலைக் கதிரவனையும் தேடுவது இதனாற்போலும். கண்ணீர் வந்தால் அவை கலைந்துவிடும். வினா எழுந்தால் மட்டுமே அவை அமர்ந்திருக்கும்.

இனிச் சொல்லாராய்ச்சிக்கு வருவோம். மீனவர் கடலில் கிடைத்ததை மீன்பாடு என்பர். கிடைக்காத நாளில் பாடு இல்லை என்பர். அதே பாடு என்னும் சொல் உழைப்பையும் துன்பத்தையும் குறிக்கும். நெய்தலின் சிறுபொழுதாகிய எற்பாடு என்பதிலும் பாடு உண்டு. கதிரவன் சாய்தல் என்பது பெரும்பான்மையோர் கொண்ட பொருள். கிடைத்த மீனும் அதற்குப் பட்ட துன்பமும் ஒரே சொல்லில் அடங்கிய மொழி அது. ஆங்கிலத் துணைவரி இதனைப் ‘பிடித்த மீன்’ என்று மட்டும் பெயர்க்கும். துன்பம் உதிர்ந்துவிடும். கடலடிப் பாறைத்திட்டைப் பார் என்பர். முத்துப்பார் என்னும் வழக்கு நாம் அறிந்ததே. நீரோட்டத்தை நீவாடு என்பர். கச்சான், கொண்டல், சோழகம், வாடை என்று காற்றைத் திசையால் பெயரிடுவர். இச்சொற்கள் ஒவ்வொன்றும் தொழிலறிவின் சுருக்கம். படத்தில் இவை வரும்போது துணைவரி இவற்றை விழுங்கிவிடுகின்றது.

முன்னர்க் குறிப்பிட்ட குறை இதுவே. அயல்மொழி அவைகளை நோக்கி எடுக்கப்பட்ட படத்தில், பேசுவோர் தமிழராயினும் பேச்சின் முடிவான பொருள் ஆங்கில வரியாகவே நிலைபெறுகின்றது. தமிழ்க் கல்லூரியில் அதனைத் திரையிடும்போதும் மாணவரின் கண் எழுத்தைப் படிக்கின்றது. செவி சொல்லைக் கைவிடுகின்றது. கடற்கரையூரிலிருந்து வந்து பயிலும் மாணவி ஒருத்தி அவையில் இருப்பாளாயின், துணைவரி தவறியதை அவளே முதலில் உணர்வாள். அவள் எழுந்து கூறுதற்கு நம் வகுப்பறைகள் இடமளிக்கின்றனவா என்பதே வினா. தன் வீட்டுச் சொல் பிழையான சொல் என்று பள்ளிமுதல் கேட்டு வளர்ந்தவள் அவள். அவை அஞ்சாமையைத் திருக்குறள் தனி அதிகாரமாக வகுத்தது. அவ்வச்சத்தை உண்டாக்கியவர்களுள் நாமும் ஒருவர் என்பதை மறுத்தல் இயலாது.

7. தடைகளும் விடைகளும்

கல்லூரி கற்கும் இடம், கிளர்ச்சிக்குரிய இடம் அன்று என்பது ஒரு தடை. கற்றல் என்பது சான்றை ஆராய்தலாயின், ஆராயத்தக்க சான்றை அவைக்குக் கொணர்தல் கிளர்ச்சியாகாது. எதிர்க்கருத்துடையாரையும் அழைத்து அமரச்செய்தல் திரையிடுவோர் கடமை. அழையாது நடத்தின் அத்தடைக்கு ஓரளவு வலு உண்டாகும்.

அமைதி குலையும் என்பது மற்றொரு தடை. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்னும் தமிழ்த் திரைப்பட வழக்கில், எதிர்ப்போர் ஆர்ப்பாட்டம் செய்வர் என்னும் அச்சத்தால் கருத்துரிமையை ஒடுக்குதல் கூடாது, அமைதி காத்தல் அரசின் கடமை என 1989-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுறுத்தியது. மூன்றாவது தடை சான்றிதழ் பற்றியது. 1952-ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டம் பொதுக்காட்சிக்குச் சான்றிதழ் வேண்டும் என்கின்றது. 2004-இல் மும்பை அரசு விழாவில் இந்தியப் படங்களுக்கு மட்டும் சான்றிதழ் கேட்கப்பட்டபோது, கலைஞர்கள் ‘விகல்ப்’ என்னும் மாற்று விழாவைக் கூட்டினர். வகுப்பறைப் பயன்பாடும் பொதுக்காட்சியும் ஒன்றல்ல என்பதைக் கல்வி நிறுவனங்கள் தெளிவாக வரையறுத்துக்கொள்ளுதல் நலம். வரையறையின்மையே ஒவ்வொரு முறையும் கடைசி நேரத்தில் அரங்கின் கதவைப் பூட்டுவதற்கு ஏதுவாகின்றது.

நாலாவது குறை ஒன்று உண்டு. அதனை எவரும் தடையாக எழுப்புவதில்லை. திருவெண்ணெய்நல்லூர் அவையில் வழக்காடிய இருவரும் நேர்நின்றனர். கல்லூரி அவையிலோ படம் மட்டும் உண்டு; படத்தில் பேசிய பெண் இல்லை. அவள் கூற்றைப் பற்றி நாம் ஆராய்கின்றோம். அவள் மறுமொழி கூறல் இயலாது. எவ்வளவு நல்லெண்ணம் இருப்பினும் இவ்வமைப்பு செம்மையுடையது அன்று.

இதற்கு வழி காட்டிய நிகழ்ச்சி ஒன்று கனடா நாட்டில் உண்டு. நியூபவுண்ட்லாந்தை ஒட்டிய போகோ தீவு மீனவர் தம் தீவை விட்டு அகற்றப்படும் நிலையில் இருந்தனர். 1967-இல் கனடா தேசியத் திரைப்பட வாரியத்தின் காலின் லோ என்பவர், மெமோரியல் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கத் துறையோடு சேர்ந்து, அம்மீனவர் பேசுவதைச் சிறுசிறு படங்களாக எடுத்தார். அவற்றை முதலில் தீவு மக்களுக்கே திரையிட்டனர். ஒரு துறையார் கூற்றை மற்றொரு துறையார் கேட்டனர். தம் சிக்கல் பொதுச்சிக்கல் என்று உணர்ந்தனர். பின்னரே அரசினர்க்குப் படங்கள் காட்டப்பட்டன. தீவினர் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தம் ஊரிலேயே நிலைத்தனர். ஒரு பல்கலைக்கழகம் படத்தை வளாகத்திற்குள் கொணர்ந்ததோடு நில்லாமல், வளாகத்தைக் கடற்கரைக்குக் கொண்டுசென்ற வரலாறு இது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. ஆவணப்படம் தமிழ்த்துறையின் ஆய்வுக்குரிய பனுவல். ஆட்சி, எழுத்து, கண்டார் கூற்று என்னும் மூவகைச் சான்றால் அதனை அளத்தல் கூடும். இரங்கலோடு நிற்கும் படத்தினும் தீர்ப்பை வேண்டும் படம் சிறந்தது. கட்டணமில்லாத் திரையிடல் அப்படங்களுக்கு அவை தருகின்றது. ஆயினும் பேசியோர் இல்லாத அவை குறையுடையது.

செய்யத்தக்கன சிலவற்றைக் கூறி அமைவோம். இராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக்கல்லூரி, கீழக்கரைக் கல்லூரிகள் முதலியன கடற்கரையை அடுத்தே உள்ளன. பாம்பனிலும் மண்டபத்திலும் தங்கச்சிமடத்திலும் வாழும் தொழிலாளரை அழைத்து, அவரைப் பற்றிய படத்தை அவரோடு அமர்ந்து காணுதல் அரிதன்று. ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கரையில் ஆட்கள் இருக்கும் காலம் அது. அதற்கு முன்னோ பின்னோ கல்லூரி நாளை அமைத்துக்கொள்ளலாம். விடுமுறையாயின் ஊர் மன்றத்திலேயே திரையிடலாம். ஒவ்வொரு படத்தின் பேச்சையும் முதுகலை மாணவர் சொல் பிறழாது எழுதிப் பெயர்த்து, வட்டாரச் சொல்லுக்கு அகரநிரல் அமைத்து, படப்படியோடு துறை நூலகத்தில் வைத்தல் வேண்டும். அவ்வெழுத்துப்படியைப் பேசியவர்க்குப் படித்துக்காட்டித் திருத்தம் பெறுதலும் வேண்டும்.

காலம் தாழ்த்தல் ஆகாது. 1964 திசம்பர் 22-ஆம் நாள் இரவு தனுசுக்கோடியைக் கடல் கொண்டது. தொடர்வண்டி ஒன்றும் பயணிகளோடு அழிந்தது. அன்று பத்து அகவைச் சிறுவராய் அதனைக் கண்டவர் இன்று எழுபதைக் கடந்தவர். அவர்தம் கூற்றைக் கேட்டு எழுத எஞ்சிய ஆண்டுகள் சில. 1901-இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவியபோது சேது நாடு துணைநின்றது. செல்லரித்த ஓலைகள் அச்சேறின. அந்நாட்டுக் கரையில் இன்று பேச்சாக உலவும் தமிழ் ஏட்டிலும் இல்லை, அச்சிலும் இல்லை. அதனைக் கேட்டு வைத்த கருவி ஒளிப்படக் கருவி. அதிலிருந்து அதனைப் படித்தெடுக்கும் பணி தமிழ் மாணவர் கையில் உள்ளது.